புதுப்பிப்பு: மீன் விட்டு மூன்று மாதம், மாசிக் கருவாட்டில் மாட்டுப்பட்ட கதை

தை மாதம் எழுதியிருந்தேன்: கரையில் கொட்டிய சூரை மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதைப் பார்த்த பிறகு மச்சம் (மீன், இறைச்சி) இறங்கவில்லை. சாமிக்காக இல்லை, அந்த உயிருக்காக விடப்போகிறேன், திருகோணமலையில் இருந்துகொண்டு இது நடக்கிற காரியமா என்று. கேட்டவர்களுக்கு இது.

இறைச்சி ஒரு பொருட்டே இல்லை. மீனும் பழகிவிட்டது. என்னை விழுத்தியது மாசிக் கருவாடு. "மரக்கறிதான் தம்பி" என்று கடையில் சம்பல் தருவார்கள். வாயில் வைத்தால் மாசித்தூள். அதுவும் அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த சூரைதானே என்றால், "அது வாசத்துக்குப் போடுறது" என்கிறார்கள்! இப்போது முதல் கேள்வியே "மாசி போட்டதோ?"

அம்மா வெள்ளிக்கிழமையும் கோணேசர் திருவிழாவுக்கும் மச்சம் தொடமாட்டா. அதனால் "உன்ர விரதம் எப்ப முடியுது?" என்று இன்னும் கேட்கிறா. ஆனாலும் சொதிக்குத் தனிச்சட்டி வைக்கத் தொடங்கிவிட்டா.

அந்தப் பதிவுக்கு விற்றமின் பி12 பற்றி எச்சரித்தவர் சொன்னது சரி. தாவர உணவில் அதை நம்பியிருக்க முடியாது, மாத்திரை எடுக்கிறேன். பாலை ஏன் விடவில்லை என்று கேட்டவருக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கன்றைக் கட்டிவைத்துக் கறக்கிறதையும் பார்த்திருக்கிறேன். எருமைத் தயிரை விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அண்ணை கடலுக்குப் போகிறவர். முந்தி ஞாயிறு என்றால் மீன் தந்துவிடுவார். இப்போது முருங்கைக்காய் தருகிறார். ஏன் விட்டாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.