ஊர் ஸ்டாப்பில் பஸ் நேரத்தை மறுபடி எழுதி வைக்க யாரைப் பார்க்கணும்?

ரப்பர்காட்டுத் தையல்கடை:

குமரி மாவட்டம் தடிக்காரன்கோணத்துக்கு மேலே, ரப்பர் காட்டை ஒட்டி எங்கள் ஊர். என் தையல் கடை பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே இருக்கிறது. முன்பு நிழற்குடையின் உள்சுவரில் மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்பில் வண்டி நேரம் எழுதியிருந்தார்கள். இடது பக்கம் நாகர்கோவில் போகிற வண்டி, வலது பக்கம் திரும்பி வருகிற வண்டி. நடை, அதாவது வண்டியின் டிரிப், மாறினால் யாராவது கரித்துண்டால் அடித்துத் திருத்தி வைப்பார்கள். நிழற்குடையைப் புதிதாகக் கட்டியபோது பழைய சுவரோடு அதுவும் போய்விட்டது. இப்போது டைல்ஸ் இருக்கிறது, திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கிறது, வண்டி நேரம் மட்டும் இல்லை.

கேட்டால் "எல்லாம் ஆன்லைன்ல இருக்கும்மா" என்கிறார்கள். சரி என்று தேடிப் பார்த்தேன். மேப்பில் எங்கள் ஸ்டாப்புக்கு பஸ் எதுவுமே வரவில்லை. தனியார் யாரோ நடத்தும் ஒரு தளத்தில் மட்டும் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. கொரோனா சமயத்தில் நின்றுபோன மத்தியான வண்டி அதில் இன்னும் இருக்கிறது. அதை நம்பி, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு பிள்ளைத்தாய்ச்சி வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். கடைக்குள் கூட்டி வந்து, ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தேன். எனக்கு மனசே ஆறவில்லை.

இங்கே வண்டிக்கு நிற்பவர்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், ஸ்கூல் பிள்ளைகள், மாத்திரை வாங்கப் போகும் வயசானவர்கள். பாதிப் பேர் கையில் பட்டன் போன்தான். டச் போன் வைத்திருப்பவர்களுக்கும் மழை பிடித்தால் டவர் கிடைக்காது. டவரும் நல்ல போனும் இருக்கிறவர் வீட்டில் பெரும்பாலும் பைக்கும் இருக்கும். அவருக்கு வண்டி நேரமே தேவைப்படாது. நேரம் யாருக்கு வேண்டுமோ அவர்கள் கண்ணில் படாத இடத்தில் கொண்டு வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க "அக்கா, பூதப்பாண்டி வண்டி போயாச்சா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் கடை பூட்டிய நாளில் யாரிடம் கேட்பார்கள்?

யாரிடம் மனு கொடுத்தால் நேரத்தை எழுதி வைப்பார்கள்? அவர்கள் செய்யாவிட்டால் நாங்களே எழுதி ஒட்டலாமா?

பழைய டைம்கீப்பர்:

மக்களே, வண்டியில் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருந்த காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்தவன் நான். 1997-ல் அந்தப் பெயர் போன பிறகும் பல வருஷம் வேலை பார்த்தேன். வண்டி வந்து போகும் நேரத்தைக் குறிக்கிற டைம்கீப்பர் ஆபீஸில் உட்கார்ந்தவன் என்பதால் உள்விவரம் சொல்கிறேன்.

ஒரு வண்டி ஒரே ஊருக்கு மட்டும் ஓடாது. காலையில் உங்கள் ஊர் நடையை முடித்துவிட்டு நாகர்கோவில் வரும், அடுத்து வேறொரு ஊருக்குப் போகும். முதல் நடை அரை மணி பிந்தினால் அடுத்த ஊர்க்காரன் அரை மணி கூடுதலாக நிற்பான். டிரைவர் லீவு போட்டு மாற்று ஆள் இல்லையென்றால், கூட்டம் குறைந்த நடையைத்தான் முதலில் வெட்டுவார்கள். மலையோர ஊருக்கு அடிக்கடி அடி விழுவது இதனால்தான். சுவரில் இருப்பது ஒன்று, ஓடுவது ஒன்று என்றால் ஜனங்கள் டைம்கீப்பரைத்தான் பிடிப்பார்கள். ஏச்சு வாங்கி அலுத்துப்போய் எழுதுவதையே பல இடங்களில் விட்டுவிட்டார்கள். அது சரியென்று நான் சொல்ல மாட்டேன். மாறினால் மாற்றி எழுத வேண்டும், அதுதான் வேலை.

நீங்கள் எழுதப் போவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். ராத்திரி உங்கள் பக்கம் தங்கி, விடியற்காலையில் கிளம்பும் ஹால்ட் வண்டி இருக்கும். அந்தக் கடைசி நடையையும் காலை முதல் நடையையும் லேசில் வெட்ட மாட்டார்கள். அவை இரண்டையும் பெயின்டில் பெரிதாக எழுதுங்கள். நடுவில் ஓடுகிறவற்றை சாக்பீஸில் எழுதினால் போதும், மாறும்போது அழிக்கலாம். அப்புறம், டெப்போவில் கிடைப்பது வண்டி புறப்படும் இடத்து நேரம்தான், நடு ஸ்டாப் நேரம் அங்கே இருக்காது. உங்கள் ஸ்டாப்புக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நீங்களே பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மேப்_தம்பி_மார்த்தாண்டம்:

அக்கா, ஆன்லைனே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் ஊர் விவரத்தை யாரும் ஏற்றவில்லை, பிரச்சினை அதுதான். பஸ் நேரங்களை மேப்புக்குக் கொடுக்க ஜிடிஎஃப்எஸ் என்று ஒரு முறை இருக்கிறது. 2005-ல் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகர பஸ் நிர்வாகமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. பெரிய வித்தை ஒன்றும் கிடையாது: எந்த ஸ்டாப், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று வரிசையாக எழுதிய சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள்தான். அந்தக் கோப்பைக் கழகம் ஒருமுறை ஒழுங்காகத் தயாரித்து வெளியிட்டால், அதிலிருந்தே ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து ஒட்டலாம்.

ரப்பர்காட்டுத் தையல்கடை:

தம்பி, அந்தக் கோப்பு வந்தால் முதல் பிரின்ட்டை என் செலவில் எடுத்து ஒட்டுகிறேன். ஆனால் அது வரும்வரை நாளைக்கு ஸ்டாப்பில் நிற்கப்போகும் ஆள் என்ன செய்வார்? ரயிலுக்காவது 139 என்று ஒரு நம்பர் இருக்கிறது, பட்டன் போனில் கூப்பிட்டுக் கேட்கலாம். எங்கள் வண்டிக்கு அப்படி எந்த நம்பரைச் சுற்றுவது?

கோர்ட்_ரோடு:

மனு எழுதும்போது இரண்டு விஷயங்களைச் சேருங்கள்.

1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 72. பஸ்ஸுக்கு பர்மிட் கொடுக்கும்போது என்னென்ன நிபந்தனை போடலாம் என்று அதில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணையின் நகலை வண்டியிலும், குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எல்லா பர்மிட்டிலும் கட்டாயம் இருக்கும் என்று அர்த்தம் இல்லை, போடலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆகவே உங்கள் வழித்தட பர்மிட்டின் நிபந்தனைகளையும் அட்டவணையையும் நகல் கேட்டு முதலில் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமை மனு, போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்தது, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. அரசு அமைப்புகள் யாரும் கேட்காமலேயே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது அது. எப்படி வெளியிடுவது என்பதற்கு உள்ளூர் மொழியையும், அந்தப் பகுதியில் எந்த வழி மக்களைச் சரியாகப் போய்ச் சேரும் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அங்கே இணையத்தோடு அறிவிப்புப் பலகையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. "ஆன்லைன்ல இருக்கு" என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். உங்கள் ஊர் கிராம பஞ்சாயத்தில் இருந்தால் அடுத்த கிராம சபையில் தீர்மானமும் போடலாம். நீங்களே ஒட்டுவதானால் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒட்டுங்கள், நிழற்குடை அவர்கள் பொறுப்பில் இருக்கலாம்.

கடலோரம்_77:

எங்கள் கடற்கரை ஊரில் சர்ச் நோட்டீஸ் போர்டில் திருப்பலி நேரத்துக்குக் கீழேயே பஸ் நேரமும் எழுதிப் போடுகிறோம். மாறினால் கண்டக்டரே இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவார். அவருக்கும் அது உதவிதான், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லையே.

ரப்பர்காட்டுத் தையல்கடை:

எல்லாருக்கும் நன்றி. பர்மிட் நகல் கேட்டு ஆர்டிஐ மனுவை இன்று ராத்திரியே எழுதுகிறேன். பஞ்சாயத்திலும் நாளைக்கே சொல்லிவிடுகிறேன். அது ஒரு பக்கம் நடக்கட்டும், ஸ்கூல் பிள்ளைகள் இரண்டு பேரிடம் நோட்டைக் கொடுத்து ஒரு வாரம் வண்டி வரும் நேரத்தைக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். அதை வைத்துக் கடைச் சுவரில் முதலில் ஒரு போர்டு மாட்டப் போகிறேன்.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். 2021-ல் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்குக் கட்டணம் இல்லை. கையில் காசில்லாதவர்கள் காசு வண்டியை விட்டுவிட்டு அந்த வண்டிக்காகத்தான் நிற்கிறார்கள். அதைத் தனியாகக் காட்டலாமா?

பழைய டைம்கீப்பர்:

கட்டாயம் காட்டணும் மக்களே. அந்த நேரங்களைச் சிவப்பில் எழுதி, "இது டவுன் பஸ்" என்று கீழே ஒரு வரி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடாத நடைக்குப் பக்கத்தில் "ஞாயிறு இல்லை" என்று முழுசாகவே எழுதிவிடுங்கள். புள்ளி, நட்சத்திரம் எல்லாம் வைத்தால் வயசானவர்களுக்குப் புரியாது. எழுத்து உள்ளங்கை அகலம் இருக்கட்டும். பிள்ளைகள் குறித்த நோட்டைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எது எந்த வண்டி என்று என்னால் முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.