அமெரிக்கக் கலைஞர் ஜூடித் ஸ்காட் பொருள்களின்மேல் நூலிழை சுற்றிச் செய்த உருவங்களை நேரில் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தறிக்குழி:

புரூக்ளின் அருங்காட்சியகத்தில் 2015 பிப்ரவரியில், கண்காட்சி முடிவதற்குச் சில வாரங்களே இருந்தபோது பார்த்தேன். தாழ்வான மேடைகளில் நூல் சுற்றிய உருவங்கள் பல இருந்தும், வெள்ளையாக இருந்த ஒன்றின் முன்னால் என் கால் நின்றுவிட்டது. அதில் நூலே இல்லை. கை துடைக்கும் காகிதத்தை முறுக்கி, முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு ஓர் உடம்பாகவே கட்டியிருந்தார். கைக்கு நூல் கிடைக்காத ஒரு வேளையில் செய்தது என்று சொல்கிறார்கள்.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நூல் சிட்டத்தைப் பிரிக்கும்போது இழை அறுந்தால் அதன் தலைப்பைத் தேடிப் பிடித்து முடிவதுதான் சிறுவயதில் எனக்குக் கொடுத்த வேலை. அந்தப் பழக்கத்தில் முதல் முடிச்சு எங்கே இருக்கிறதென்று இருபது நிமிடங்கள் சுற்றிச் சுற்றித் தேடினேன், கிடைக்கவில்லை. ஏழு வயதில், 1950இல், ஒஹாயோவின் அரசு விடுதியில் சேர்க்கப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த ஒரு பெண், அத்தனை ஆண்டுகளையும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டார் என்றே அப்போது எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த எண்ணம் என்னை விடவில்லை.

ஓக்லண்ட்வாசி:

தறிக்குழி அவர்களின் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. ஜூடித் பேசியதில்லை, எழுதியதில்லை, தம் படைப்புகளுக்குப் பெயரும் வைத்ததில்லை. அடைபட்ட ஆண்டுகளைக் கட்டினார் என்கிறோம், இரட்டையரான ஜாய்ஸைப் பிரிந்த துயரத்தைக் கட்டினார் என்கிறோம், புழுக்கூடு என்கிறோம். இவையெல்லாம் நாம் கொண்டுபோய் வைத்த பொருள்கள். ஒரு நெசவாளர் நிறம் தேர்ந்தால் அதைக் கைத்திறன் என்று போற்றும் நாம், இவர் தேர்ந்தால் மட்டும் அதற்குப் பின்னால் ஒரு காயத்தைத் தேடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவர் வேலை செய்த கிரியேட்டிவ் குரோத் கூடம் இங்கே ஓக்லண்டில், முன்பு கார் பழுதுபார்க்கும் பட்டறையாக இருந்த கட்டடத்தில் இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் கலை செய்வதற்காக 1974இல் தொடங்கப்பட்டது. ஜாய்ஸ் தம் சகோதரிக்குக் காப்பாளராகி, கலிபோர்னியாவுக்கு அழைத்துவந்து, 1987இல் இங்கே சேர்த்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வண்ணமும் தூரிகையும் ஜூடித்தை ஈர்க்கவே இல்லை. பிறகு சில்வியா செவன்டி என்ற நார்க்கலைஞரின் வகுப்பில் நூலைக் கையில் எடுத்தவர், 2005இல் இறக்கும்வரை விடவில்லை. நான் அங்கே போனபோது அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நீண்ட மேசையில் ஒருவர் துணியில் தைத்துக்கொண்டிருந்தார். அருகில் போய் எட்டிப் பார்த்தேன். அவர் தலை நிமிராமலே தம் இடக்கையை விரித்துத் துணியை மறைத்துக்கொண்டார். நான் பின்வாங்கினேன். முடியாத வேலையைப் பார்க்க எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கையின் அக்கா:

நான் அவருடைய படைப்பை ஒரே ஒருமுறை, சான் பிரான்சிஸ்கோவில் பார்த்தேன். உருவத்தைவிட, பக்கத்தில் எங்களுக்கு விளக்கியவர் சொன்ன ஒரு செய்திதான் மனத்தில் தைத்தது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த ஜூடித்துக்குக் காதும் கேட்காது. அதை யாரும் கண்டறியவில்லை. வாய்மொழியாகக் கேள்வி கேட்டுச் சோதித்துவிட்டு, கற்பிக்க இயலாதவர் என்று எழுதிவிட்டார்கள். என் தங்கைக்கும் டவுன் சிண்ட்ரோம். ஐந்து வயதில் ஓரிடத்தில் அவளிடமும் இப்படித்தான் முதுகுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை.

ஆகவே, இங்கே இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்கள் யாராவது இருந்தால் என் சொல்லைக் கேளுங்கள். இவர்களில் பலருக்குக் காதில் நீர் கோத்துக்கொண்டு செவித்திறன் குறைவது சாதாரணம். ஒலிக்கு மூளை காட்டும் மின் துலங்கலை அளப்பதால் பிள்ளை பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லாத பெரா (BERA) பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், ஒருமுறை சரியென்று வந்தாலும் ஆண்டுதோறும் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்ணம் தீட்டும் புத்தகத்தில் மனம் பற்றவில்லை என்றால் கலையே வராது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய சேலைக் கிழிசல், கம்பளி நூல், சணல், மரக்குச்சி என்று கைக்கு வேறு வேறாகத் தெரிகிற பொருள்களை ஒரு கூடையில் போட்டு எட்டும் இடத்தில் வையுங்கள். பிள்ளை சிறியதென்றால் நீளக் கயிறு கழுத்தில் சிக்காமல் அருகிலேயே இருங்கள். அவர்கள் செய்துகொண்டிருக்கும்போது திருத்தவோ, உங்கள் கையால் முடித்துக் கொடுக்கவோ வேண்டாம். முடிந்துவிட்டதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். செய்ததற்குத் தேதியிட்டுப் படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டைப் பெருக்கும்போது குப்பையோடு போய்விடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போயிற்று.

வழிப்போக்கர்:

ஜூடித் தமக்குக் கிடைத்த நாற்காலியையும் கடைத் தள்ளுவண்டியையும்கூட நூலுக்குள் கொண்டுவந்தவர். சிலவற்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நான் பார்த்த உருவத்தில் ஒரே இடத்தில் நூல் விலகி, உள்ளே ஏதோ பளபளத்தது. குனிந்தேன், என் நிழலே அதை மறைத்துவிட்டது. தறிக்குழி அவர்களே, அந்த வெள்ளை உருவத்தில் இடைவெளி ஏதும் இருந்ததா?

தறிக்குழி:

இல்லை, நான் பார்த்த பக்கங்களில் இல்லை. ஓக்லண்ட்வாசி சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். காயத்தைப் பற்றி நான் எழுதியதை முழுவதும் திரும்பப் பெற மனம் வரவில்லை, ஆனாலும் கைத்திறனைச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நேற்று அந்தப் படத்தை அனுப்பினேன். நாற்பது ஆண்டுகள் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றியவர். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. இதைச் செய்ய எத்தனை நாள் ஆயிற்று என்றுதான் கேட்டார். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஒவ்வொன்றையும் செய்வாராம் என்றேன். படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "காகிதமாக இருந்தாலும் அவள் போட்ட முடிச்சு நழுவாது" என்றார்.