அரசே இல்லாத இடத்துல எது ஓடும், சந்தையா பொதுச்சொத்தா? சோமாலியாவ வச்சுப் பேசலாம்

மேகநாதம்:
வணக்கம் மக்களே. அரசு இல்லாத சமூகம்னு பேச்சு வந்தாலே ஒரு பக்கம் எல்லாத்தையும் சந்தைக்கிட்ட விட்டுடுங்கன்றாங்க, இன்னொரு பக்கம் நிலமும் தண்ணியும் பொதுவுல இருந்தாத்தான் முடியும்ங்கிறாங்க. எனக்கு நிஜமா நடந்த கதை வேணும். 1991 ஜனவரில அதிபர் சியாத் பாரே ஓடிப்போன பிறகு சோமாலியாவுல பல வருஷம் உருப்படியா மத்திய அரசே இல்ல. அங்க எது நின்னுச்சு, எது விழுந்துச்சு?

கடைவீதி:
சந்தை நல்லாவே நின்னுச்சு நண்பா. லைசன்ஸ் கொடுக்க ஆளே இல்லாத ஊர்ல போன் கம்பெனிங்க போட்டி போட்டு வந்து கட்டணத்தக் குறைச்சாங்க. மத்திய வங்கி போயிடுச்சு, ஆனா பழைய ஷில்லிங் நோட்டு கைமாறிக்கிட்டேதான் இருந்துச்சு. மாட்டுச் சந்தையப் பாருங்க, வாங்குறவனுக்கு விக்கிறவன் யாருன்னே தெரியாது, நடுவுல தரகர் நின்னு "இது திருட்டு மாடு இல்ல, நான் பொறுப்பு"ன்னு வாக்குக் கொடுப்பார், நாளைக்குப் பிரச்சினைன்னா அவரத்தான் பிடிப்பாங்க. போலீஸ் ஸ்டேஷன் இல்லாமயே இது நடந்துச்சு, இதவிட என்ன சாட்சி வேணும்?

புல்வெளி:
சரிங்க, அந்த மாடு மேஞ்ச புல்லு யாரோடது? சோமாலியாவுல ஒட்டகமும் ஆடும் தனியார் சொத்து, ஆனா மேய்ச்சல் நிலம் குலத்துக்குப் பொது. தரகர் வாக்கு செல்லுபடியாகுறதும் அவர் பின்னாடி குலம் நிக்கிறதாலதான். அங்க ஹீர்னு வாய்மொழிச் சட்டம் இருக்கு, ஒரு ஆம்பளைய ஒருத்தன் கொன்னுட்டா வழக்கப்படி 100 ஒட்டகம் ஈடு, அத கொன்னவன் மட்டும் கட்ட மாட்டான், பங்காளிங்க எல்லாரும் சேர்ந்து கட்டணும், அதனால அவங்களே அவன அடக்கி வைப்பாங்க. சந்தைக்குக் காவலே இந்தக் கூட்டுப் பொறுப்புதான்.

அப்புறம் கரி விஷயத்த யாரும் பேச மாட்டேங்கிறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது. வளைகுடா நாடுகள்ல அடுப்புக்கரிக்கு நல்ல விலை, கேட்க ஆள் இல்ல, ஒட்டகத்துக்குத் தீனியும் நிழலுமா இருந்த வேலமரத்த வெட்டி எரிச்சு மூட்டை மூட்டையா கிஸ்மாயோ துறைமுகம் வழியா ஏத்துனாங்க. வித்த காசு வியாபாரிக்கும் ஆயுதக் குழுக்களுக்கும், மொட்டையான காடு மேய்ப்பவனுக்கு. கடைசில 2012ல ஐ.நா. பாதுகாப்பு சபை அந்த ஏற்றுமதிய தடை பண்ண வேண்டியதாச்சு. பொதுவுல இருந்தத சந்தை தின்னுச்சு, அவ்வளவுதான்.

நாடோடி78:
ஸ்பெயின்ல 1936ல உள்நாட்டுப் போர் நடக்கும்போது, அரசே வேண்டாம்ங்கிற அனார்கிஸ்டுகள் அரகோன் பகுதி கிராமங்கள்ல நிலத்த ஒண்ணு சேர்த்து விவசாயம் பண்ணாங்களே, அங்கயும் சேர விருப்பமில்லாத குடும்பம் ஆள் வைக்காம தானே உழ முடியுற அளவு நிலத்த வச்சுக்கலாம்னு பல ஊர்ல விட்டாங்க. சில ஊர்ல பணத்தையே எடுத்துட்டு கூப்பன் கொடுத்தாங்க. எல்லா ஊரும் மனசார சேர்ந்துச்சுன்னு சொல்ல முடியாது, துப்பாக்கியோட போராளிங்க பக்கத்துல நின்னா யார் மாட்டேன்னு சொல்வாங்க. ஆனா 1937 ஆகஸ்ட்ல, போர்ல அவங்க பக்கமே நின்ன குடியரசு அரசோட படையே வந்து கலைச்சதால நீடிச்சிருக்குமான்னு பார்க்கவே வழியில்லாம போச்சு.

கடைவீதி:
புல்வெளி, கரி விஷயம் நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா குலத்துக்குப் பொதுன்னா குலத்துல இல்லாதவன் கதி என்ன? ஜுப்பா ஆத்தங்கரைல பரம்பரையா சோளம் போட்டுட்டிருந்த பாண்டு மக்களுக்கு ஈடு கேட்க வலுவான பங்காளிக் கூட்டம் இல்ல. 1991 சண்டைல ஆயுதம் வச்சிருந்த குழுக்கள் அவங்க தானியத்தக் கொள்ளையடிச்சு நிலத்தையும் பிடுங்கினாங்க, அடுத்து வந்த பஞ்சத்துல அதிகம் செத்ததுல அவங்களும் உண்டு. தப்பிச்சவங்க பல பேர் எல்லை தாண்டி கென்யாவுல டடாப் முகாமுக்குப் போனாங்க. நீங்க சொல்ற கூட்டுப் பொறுப்பு அவங்களுக்கு எந்தப் பக்கம் நின்னுச்சு? இதுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் மேய்ச்சல் நிலத்தப் பத்தி நான் இறங்கி வரேன்.