இங்கிலாந்துச் சிற்றூர்ப் போர் நினைவுச்சின்னம்: ‘1914–1919’ என்று பொறித்திருப்பது ஏன்?

கேள்வி:

அண்மையில் இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில், தேவாலய வாசலை ஒட்டி நிற்கும் முதல் உலகப் போர் நினைவுச் சிலுவையைப் பார்த்தேன். எண்கோணமாக மூன்று படிகள், அவற்றின் மேல் பீடம், பீடத்தில் பதினேழு பெயர்கள். போர் 1918 நவம்பரில் முடிந்ததாகத்தான் படித்திருக்கிறோம். கல்லிலோ 1914–1919 என்று இருக்கிறது. பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் உள்ளன, படைப்பதவி எதுவும் இல்லை. கடைசிப் பெயர் மட்டும் வரிசை தப்பி, சற்று நெருக்கமான எழுத்தில் இருக்கிறது. இவற்றுக்குக் காரணம் உண்டா, கல்தச்சரின் விருப்பம்தானா?

மறுமொழி 1:

1918 நவம்பர் 11 அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. ஜெர்மனியுடனான வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28 அன்றுதான் கையெழுத்தானது. எந்த ஆண்டைப் பொறிப்பது என்று அரசு ஆணை எதுவும் இல்லாததால், அந்தந்த ஊர்க் குழுவே முடிவு செய்தது. பக்கத்து ஊரில் 1918 என்று இருந்தாலும் வியப்பில்லை. போர்நிறுத்தத்துக்குப் பிறகு காயத்தாலும் நோயாலும் இறந்தவர்களை விட்டுவிட மனமில்லாத ஊர்களுக்கு 1919 பொருத்தமாகவும் இருந்தது.

மறுமொழி 2:

ஆண்டைவிடப் பெயர்ப்பட்டியலே முக்கியம் என்பது என் கருத்து. இறந்த வீரர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவர பிரிட்டன் அனுமதிக்கவில்லை. பணம் படைத்தவர் மகனானாலும், கூலிக்காரர் மகனானாலும், விழுந்த நாட்டிலேயே அடக்கம். 1917 மே மாதம் அமைந்த பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், பதவி வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரே வகைக் கல்லறைக்கல் என்ற கொள்கையை ஏற்றது. ஆகவே ஊரிலிருந்த தாய்க்கும் மனைவிக்கும் பூ வைக்கக் கல்லறை இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே படிகளும் பீடமும் எழுந்தன. மாலையைச் சாய்த்து வைக்கவும் அகலமான படிகள் தோதாக இருந்தன.

செலவு பெரும்பாலும் ஊர்மக்களின் நன்கொடை. அதனால் சண்டைக்கும் குறைவில்லை: சிலுவையா, உயிரோடு இருப்பவர்களுக்குப் பயன்படும் ஊர்மன்றமா, தேவாலய வளாகமா, நாற்சந்தியா என்று கூட்டம் கூட்டமாக விவாதித்தார்கள். சில ஊர்கள் அதிகாரிகளின் பெயரை முதலில் வைத்தன. அகரவரிசையைத் தேர்ந்த ஊர்கள் ஆணையத்தின் சமத்துவத்தைக் கல்லில் பின்பற்றின. வெண்கல வாள் பதித்த சிலுவையைப் பார்த்தால், ஆணையத்தின் இடுகாடுகளுக்கு ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட் வடிவமைத்த சிலுவையையோ அதன் சாயலையோ பார்க்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

நம் நடுகல்லோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆநிரை மீட்டுப் பட்டான் என்று நடுகல் செயலைச் சொல்லும். ஆளின் உருவத்தையும் காட்டும். இங்கே எப்படி இறந்தார் என்பது அரிதாகவே வரும், பெயர்தான் உண்டு. இடம்பெறாத பெயரும் உண்டு: லிங்கன்ஷயரின் ஃபுல்ஸ்டோவில், தண்டனையாகச் சொந்த ராணுவமே சுட்டுக் கொன்ற ஒரு வீரரின் பெயரைச் சேர்க்க முடியாதென்றதால், ஊரார் நினைவுச்சின்னமே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். அவர் பெயரும் சேர்ந்த சின்னம் 2005-இல்தான் வந்தது. அவ்வாறு தண்டிக்கப்பட்ட 306 பேருக்கு 2006-இல் சட்டப்படி மன்னிப்பு வழங்கப்பட்டது.

மறுமொழி 3:

கடைசிப் பெயரைப் பற்றி: பலகையைப் பெயர்களுக்கு அளந்து அமைத்துவிட்டால், பின்னால் வரும் பெயருக்கு இடம் இருக்காது. காயத்தால் தாமதமாக இறந்தவராகவோ, முதலில் விடுபட்டவராகவோ இருக்கலாம். 1939–1945 பெயர்களைப் பல ஊர்களில் படியின் முகப்பில் பொறித்திருப்பதும் இந்த இடநெருக்கடியால்தான்.

எழுத்துகள் கல்லிலேயே வெட்டியவையா, ஈயத்தாலானவையா என்றும் பாருங்கள். ஈய எழுத்து என்றால், வெட்டிய பள்ளத்தில் சிறு துளைகள் இட்டு, ஈயத்தை அடித்து இறக்கியிருப்பார்கள். ஈயம் உதிர்ந்தாலும் துளைகளின் வரிசையை வைத்தே பெயரைப் படித்துவிடலாம். ஆர்வத்தில் கம்பித் தூரிகையால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லில் பாசியோடு எழுத்தும் போய்விடும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் ஈய எழுத்துகள்; கடைசிப் பெயர் மட்டும் கல்லில் வெட்டிக் கறுப்புச் சாயம் பூசியது. அதன் குடும்பப் பெயர், மேலே ஆறாவது வரியில் இருக்கும் அதே குடும்பப் பெயர்.