ஒப்பந்தக் காலத்தில் ஏறும் புரோட்பேண்ட், கைப்பேசிக் கட்டணங்களை எவ்வாறு சமாளிப்பது?

கேள்வி: ஹரோவாசி

வணக்கம். நாங்கள் இலண்டன் ஹரோவில் வசிக்கின்றோம். 2022 ஆகஸ்டில் மாதம் 29 பவுண்டுக்கு இரண்டாண்டு புரோட்பேண்ட் ஒப்பந்தம் ஒன்றில் இணைந்தோம். அடுத்த ஏப்ரலில் அது 33.18 ஆகவும், 2024 ஏப்ரலில் 35.80 ஆகவும் ஏறியது. ஒப்பந்தம் முடிந்ததும் எவரும் ஒரு சொல் கேட்காமலே 48 ஆகி, இந்த 2025 ஏப்ரலில் 51 பவுண்டைத் தாண்டிவிட்டது. கணவருடைய கைப்பேசி 2022 பெப்ரவரியில் இரண்டாண்டுத் தவணையில் வாங்கியது. அதற்கு இன்றும் மாதம் 49 பவுண்ட் போகின்றது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் சென்ற ஆண்டு மே மாதத்தில் 28 பவுண்டுக்கு எடுத்த ஒப்பந்தம் 29.79 ஆகியிருக்கின்றது. ஆக, மாதம் ஏறக்குறைய 130 பவுண்ட்.

இவை தவிர, வெம்பிளியில் தனியாக இருக்கும் 76 வயதான மாமியாரின் இணையத்துக்கும் வீட்டுத் தொலைபேசிக்கும் 43 பவுண்ட் போகின்றது. குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான அரச உதவியான பென்சன் கிரெடிட் பெறும் அவருக்கு இது பெரிய தொகை. விலையை ஏற்றினார்கள் என்ற காரணத்தைக் காட்டி அபராதமின்றி விலக முடியுமா? எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கேட்கின்றேன்.

பதில் 1: ஈஸ்ட்ஹாம் அண்ணன்

வணக்கம் தங்கச்சி. தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: விலையேற்றத்தைப் பார்ப்பதற்கு முன்னர் ஒவ்வோர் ஒப்பந்தமும் எந்தத் திகதியில் முடிகின்றது என்பதைப் பாருங்கள். உங்கள் மூன்று கணக்குகளில் இரண்டு முடிந்துவிட்டன. அவற்றிலிருந்து விலக நீங்கள் எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை, அபராதமும் இல்லை.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில். ஏற்றம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால், அதைக் காரணம் காட்டி இலவசமாக விலக முடியாது. 2023 ஏப்ரலில் பல நிறுவனங்கள் 14.4 சதவீதம் ஏற்றியபோது மக்கள் கொதித்ததை மறக்க முடியாது. ஆயினும் முந்தைய டிசம்பர் மாதப் பணவீக்கமான 10.5 சதவீதத்துடன் 3.9 சதவீதத்தைக் கூட்டுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தமையால் அது செல்லுபடியானது. மறுபுறம், ஒப்பந்தத்தில் சொல்லாத ஏற்றத்தை நடுவில் கொண்டுவந்தால் நிறுவனம் ஒரு மாதம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அபராதமின்றி விலகும் உரிமையையும் தர வேண்டும். ஆகவே மகனின் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் என்ன சொல்கின்றது என்று பாருங்கள். 28 பவுண்ட் 29.79 ஆனது சரியாக 6.4 சதவீதம். 2024 டிசம்பரின் 2.5 சதவீதத்துடன் 3.9 ஐக் கூட்டினால் அதே எண் வருகின்றது. எனவே அது எழுதப்பட்ட ஏற்றமாகவே இருக்கும், முடியும் மட்டும் பொறுக்கத்தான் வேண்டும். மகனின் கைப்பேசியிலிருந்து ஐ.என்.எஃப்.ஓ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை 85075 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், இப்போது விலக எவ்வளவு கட்ட வேண்டும் என்ற விபரம் உடனே வரும்.

என்னை மிகவும் வருத்துவது கணவரின் கணக்கு. கருவியின் விலையை 2024 பெப்ரவரியிலேயே கட்டி முடித்துவிட்டீர்கள். பதினைந்து மாதங்களாக, ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமான ஒன்றுக்கு மீண்டும் பணம் கட்டிவருகின்றீர்கள். 10 பவுண்ட் சிம் ஒன்று போதுமாக இருந்திருந்தால், கைநழுவிய தொகை ஏறக்குறைய 585 பவுண்ட். இத்தகைய கணக்குகளை வேலையில் நாள்தோறும் பார்த்தேன். அவற்றுள் எங்கள் தமிழ்ப் பெயர்கள் நிறைய இருந்தன. ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன்னர் நிறுவனங்கள் அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்று 2020 பெப்ரவரியிலிருந்து விதி உண்டு. அது பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கின்றதா என்று தேடிப் பாருங்கள்.

கணவர் தன் எண்ணை வைத்துக்கொண்டு மாற விரும்பினால் பி.ஏ.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். வரும் குறியீடு 30 நாட்களுக்குச் செல்லும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் எண் அடுத்த வேலை நாளில் மாறிவிடும். பழைய இணைப்பை நீங்களாக முதலில் நிறுத்திவிட வேண்டாம், எண் போய்விடும். 2021 டிசம்பருக்குப் பின்னர் பூட்டிய கருவிகளை நிறுவனங்கள் விற்க முடியாது என்பதால், கணவரின் கைப்பேசி எந்தச் சிம்மையும் ஏற்கும்.

பதில் 2: குரொய்டன் கணக்காளர்

அண்ணன் சொன்னதோடு உடன்படுகின்றேன். ஆனால் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஜனவரி 17 முதல் புதிய ஒப்பந்தங்களில் பணவீக்கத்தோடு கட்டிய ஏற்றத்தை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொம் தடை செய்துவிட்டது. எத்தனை பவுண்ட், எத்தனை பென்ஸ், எந்த மாதத்தில் ஏறும் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். இது வெளிப்படையானது என்பதை ஏற்கின்றேன். மலிவானது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஆண்டுக்கு 3 பவுண்ட் ஏற்றம் என்பது 60 பவுண்ட் கட்டுபவருக்கு 5 சதவீதம், 24 பவுண்ட் கட்டுபவருக்கோ 12.5 சதவீதம். குறைந்த விலைத் திட்டத்தைத் தேடிப் போகும் குடும்பத்தின் மீதே சுமை கூடுதலாக விழுகின்றது. இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். எனவே முதல் மாத விலையை ஒப்பிடாமல், இருபத்து நான்கு மாதங்களுக்கும் ஏற்றங்களோடு சேர்த்து வரும் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள்.

கைப்பேசிக்கு ஒரு மாதச் சிம் திட்டங்களையே நான் விரும்புகின்றேன். பெரிய வலையமைப்புகளின் கோபுரங்களையே வாடகைக்குப் பயன்படுத்தும் சிறிய சேவைகள் பல உண்டு: கிஃப்காஃப் ஓ2வின் மீதும், ஸ்மார்ட்டி திரீயின் மீதும், வொக்ஸியும் லெபாராவும் வொடஃபோனின் மீதும் இயங்குகின்றன. உங்கள் வீட்டுக்குள்ளே எந்தக் கோபுரத்தின் சமிக்ஞை நன்றாகக் கிடைக்கின்றது என்று அறிந்து தெரிவு செய்தால் போதும். பாரிசில் உறவினர் உள்ளவர்கள் ஐரோப்பிய ரோமிங் சேர்ந்திருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பின்னர் பல திட்டங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

புரோட்பேண்ட் மாறுவது 2024 செப்டம்பர் 12க்குப் பின்னர் இலகுவாகிவிட்டது. புதிய நிறுவனத்தோடு மட்டும் பேசினால் போதும். பழையதை நிறுத்துவதை அவர்களே கவனித்துக்கொள்வார்கள். வீட்டுத் தொலைபேசி எண் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

பதில் 3: வெம்பிளி மகள்

அக்கா, உங்கள் மாமியாரைப் பற்றி எழுதுகின்றேன், ஏனெனில் என் அம்மாவின் நிலையும் இதுவே. பென்சன் கிரெடிட், யுனிவர்சல் கிரெடிட் முதலிய உதவிகள் பெறுவோருக்குச் சோசல் டாரிஃப் என்ற சலுகைக் கட்டணம் உண்டு. இது பெரும்பாலும் 12 முதல் 20 பவுண்டுக்குள் அமைகின்றது. அவருடைய நிறுவனமே அதை வழங்கினால், ஒப்பந்தத்தின் நடுவிலும் அபராதமின்றி மாற்றிவிடுவார்கள். விளம்பரங்களில் இது அரிதாகவே வருவதால் நாமே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அம்மாவுக்காக நான் பேசியபோது முதல் ஊழியருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை. இரண்டாவது அழைப்பில்தான் கிடைத்தது. அவருடைய கணக்கு என்பதால் அவர் அருகில் இருந்து ஒப்புதல் சொல்ல வேண்டியிருந்தது. எனவே ஒரு பகற்பொழுதில் மாமியார் வீட்டுக்குப் போய், இருவருமாகச் சேர்ந்து பேசுங்கள். 75 வயதைக் கடந்து பென்சன் கிரெடிட் பெறுபவருக்குத் தொலைக்காட்சி உரிமமும் இலவசம், அதற்கும் விண்ணப்பித்துவிட்டீர்களா?

இன்னொன்று, விலையை விட முக்கியமானது. பழைய செப்புக்கம்பித் தொலைபேசிச் சேவை 2027 ஜனவரியோடு நிறுத்தப்படவிருக்கின்றது. மாறிய பின்னர் வீட்டுத் தொலைபேசி ரவுட்டர் வழியாகவே இயங்கும் என்பதால் மின்வெட்டில் வேலை செய்யாது. விழுந்துவிட்டால் அழுத்தும் அபாயப் பொத்தானை உங்கள் மாமியார் கழுத்தில் அணிந்திருக்கின்றாரா? அப்படியென்றால், நிறுவனத்திடமும் பொத்தான் சேவையினரிடமும் சொல்லாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

மீண்டும் ஹரோவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அறிவித்தல் உண்மையிலேயே வந்திருந்தது. கணவர் முன்னர் வேலை செய்த இடத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கின்றார்கள். அவருடைய எண் இப்போது 10 பவுண்ட் மாதச் சிம்மில் இயங்குகின்றது. புரோட்பேண்டுக்கு, ஆண்டுக்கு 3 பவுண்ட் ஏற்றத்தோடு 27 பவுண்டுக்குப் புதிய ஒப்பந்தம் எடுத்திருக்கின்றோம். அது முடிவதற்கு ஆறு வாரங்களுக்கு முந்தைய திகதியைச் சமையலறை நாட்காட்டியிலும் கைப்பேசியிலும் குறித்துவிட்டேன். மகன் விலகினால் கட்ட வேண்டிய தொகை சேமிப்பை விட அதிகமாக இருப்பதால், 2026 மே வரை அப்படியே விடுகின்றோம். 130 பவுண்ட் 67க்குள் வந்துவிட்டது.

மாமி அபாயப் பொத்தான் அணிகின்றார். பொத்தான் சேவையினரிடம் பேசியதில், அவர்களுடைய கருவி பழைய வகை என்றும் முதலில் அதை மாற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். வருகின்ற வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் இரண்டு இடங்களுக்கும் பேசவிருக்கின்றேன். சலுகைக் கட்டணம் கிடைத்ததா என்பதை அதன் பின்னர் இங்கே எழுதுகின்றேன்.