தாமதக் கட்டணத்தை வாடகைப் பணத்திலிருந்தே பிடித்துக்கொண்டால் செல்லுமா?

கேள்வி:
மாத வாடகை 9,000. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம் 300. ஒரு மாதம் 5-ஆம் தேதி சனிக்கிழமை இரவு அனுப்பிய பணம், திங்கள் 7-ஆம் தேதிதான் வீட்டுக்காரர் கணக்கில் ஏறியது. அடுத்த மாதம் 9,000 நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதில் 300-ஐப் பழைய கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டு, "வாடகையில் 300 குறைகிறது, அதற்கு இன்னொரு 300" என்கிறார். இப்படியே போனால் இது தீரவே தீராதே?

பதில் 1:
ரெண்டு சிக்கல் இதில் ஒன்றாகக் கிடக்கிறது. முதலில் தேதி. ஒப்பந்தத்தில் "5-க்குள் கணக்கில் வரவாக வேண்டும்" என்று இருந்தால், சனிக்கிழமை அனுப்பினேன் என்ற வாதம் எடுபடாது. அந்த முதல் 300-ஐ மறுப்பது கஷ்டம்.

வீட்டுக்காரர் சறுக்குவது அடுத்ததில்தான். இன்ன பாக்கிக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டால், அதில்தான் வரவு வைக்க வேண்டும். இந்தியாவில் இது 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 59. சொல்லாமல் கொடுத்தால் எதில் வைப்பது என்பது வாங்குபவர் இஷ்டம் (பிரிவு 60). இருவருமே ஒதுக்காவிட்டால் பழைய பாக்கி முதலில் கழியும் (பிரிவு 61). வாயால் சொல்லாவிட்டாலும் சூழ்நிலை காட்டினால் போதும்: வாடகைத் தேதியில், வாடகைத் தொகை அச்சு அசலாக வந்தால் அது வேறென்ன பணம்? ஆனால் "எந்தப் பணமும் முதலில் கட்டணங்களுக்கே" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில இடங்களில் வாடகைச் சட்டமே அப்படிப்பட்ட நிபந்தனையை ஏற்பதில்லை.

பதில் 2:
இனிமேல் பணம் அனுப்பும்போது குறிப்பில் மாதம், ஆண்டு, "வாடகை" மூன்றும் இருக்கட்டும். தகராறில் உள்ள 300-ஐக் கட்டுவதானால் தனியாக, "ஆட்சேபத்துடன்" என்று எழுதி அனுப்புங்கள். 9,300 என்று ஒரே தொகையாகப் போட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடலாம். தானியங்கிப் பணப்பரிமாற்றம் வைத்திருந்தால் கெடுவுக்கு மூன்று வேலை நாள் முன்னதாக மாற்றுங்கள். விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிவிடும் வங்கிகள் உண்டு.

பதில் 3:
வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வாடகைக்கு ஒரு பத்தி, கட்டணங்களுக்கு ஒரு பத்தி என்று கணக்கு எழுதினால் இந்தக் குழப்பமே வராது. பாக்கிக்கு நோட்டீஸ் விடும்போது தாமதக் கட்டணத்தையும் "வாடகைப் பாக்கி" என்று சேர்த்துக் காட்டினால், தொகை தவறு என்றே நோட்டீஸ் அடிபடலாம். இத்தனை மாதம் 8, 9 தேதிகளில் வந்த பணத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டு திடீரென்று 5-ஆம் தேதியைப் பிடிப்பதும் சிக்கல்தான். இந்த மாதத்திலிருந்து கண்டிப்பு என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. அந்த 300-ஐ முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

பதில் 2:
அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். இல்லாவிட்டால் முன்பணம் குறைந்துவிட்டது, நிரப்புங்கள் என்று அடுத்த பஞ்சாயத்து தொடங்கும். முதலில் கடந்த ஆறு மாதத்துக்குக் கணக்கு விவரம் கேளுங்கள்: கெடு, வரவான தேதி, தொகை, எதில் வரவு வைத்தார், மீதி. இரண்டாவது 300 எங்கிருந்து முளைத்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.