3.5-க்குக் கீழே இருந்தால் பாதுகாப்பா?

மரங்கொத்தி:
நேற்று கணக்குப்பிள்ளை எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் போச்சு. "ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு, ஏடிஎச்டிக்கும் (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) ஈயத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று அடித்துவிட்டிருக்கிறார். 3.5 பாதுகாப்பு எல்லை இல்லை ஐயா! அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி, 1 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் அளவுகளை வரிசையாக அடுக்கி, உச்சியில் இருக்கும் இரண்டரை சதவீதத்தைப் பிரித்துக் காட்டக் கிழித்த கோடு அது.

கணக்குப்பிள்ளை:
கோடு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் பையனுக்கு 2.8. கோட்டுக்குக் கீழே. ஏடிஎச்டி பெரும்பாலும் பரம்பரை. இரட்டையர் ஆய்வுகள் 70 சதவீதத்துக்கு மேல் சொல்கின்றன. அறிவாளிகளுக்குத் தெரிந்திருக்குமே.

மரங்கொத்தி:
சிடிசி கிழித்த கோடு 1985-ல் 25. 1991-ல் 10. 2012-ல் 5. 2021-ல் 3.5. உங்கள் 'பாதுகாப்பு' இத்தனை தடவை வீடு மாறியிருக்கிறது. 2006-ல் வந்த அமெரிக்க ஆய்வில், 2-க்கு மேல் இருந்த பிள்ளைகளுக்கே ஏடிஎச்டி வாய்ப்பு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட நாலு மடங்கு. 2.8 எந்தப் பக்கம்?

கணக்குப்பிள்ளை:
ஓரிடத்தில் நிற்காத பிள்ளைதான் கண்டதையும் வாயில் வைக்கும். அதனால் ஈயம் ஏறியிருக்கும். இதைக்கூட யோசிக்க மாட்டீர்களா?

மரங்கொத்தி:
யோசித்தாகிவிட்டது. இரும்புச்சத்தைக் கையாளும் எச்எஃப்இ மரபணு மாறியிருந்த பிள்ளைகளிடம், அதே அளவு ஈயத்துக்குத் துறுதுறுப்பு கூடுதலாகத் தெரிந்தது. வாயில் வைப்பதுதான் காரணம் என்றால் இந்த மரபணு ஏன் குறுக்கே வருகிறது? போன வருஷம் தடுப்பூசிப் பேச்சிலும் இப்படித்தான் பாதியில் காணாமல் போனீர்கள்.

சொல்லாய்வன்:
இருவருக்கும்: அது 'ஈயம்' அல்ல, 'காரீயம்'. வெறும் ஈயம் என்றால் வெள்ளீயத்தையும் குறிக்கும். அது வேறு உலோகம்.

மரங்கொத்தி:
வந்துட்டார். காரீயம் என்று எழுதினால் பென்சிலைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வருவார்கள். அதில் இருப்பது கிராஃபைட். அதையும் நான்தான் விளக்கணும்.

சொல்லாய்வன்:
தவறைச் சொன்னால் கோபம் வருகிறது.

தேன்மொழி:
என் மகளுக்கு 6.1. ஜன்னல் சட்டத்தில் பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. அதை நகத்தால் கிள்ளிவிட்டு விரலைச் சப்புவாள். ஈயத்தை எடுக்க மாத்திரை உண்டா?

மரங்கொத்தி:
அந்த மருந்து பொதுவாக 45-ஐ எட்டினால்தான். 20 முதல் 44 வரை இருந்த 780 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவு இறங்கியது, அறிவுத்திறனும் நடத்தையும் தேறவில்லை. முதலில் அந்த ஜன்னல் பக்கம் விடாதீர்கள். உலர்ந்தபடி சுரண்டவும் வேண்டாம், தூசி பறக்கும். டாக்டரிடம் மறுபரிசோதனை கேளுங்கள். கணக்குப்பிள்ளை, பார்த்தீர்களா? ஏறிய பிறகு மீட்பது கஷ்டம்.

கணக்குப்பிள்ளை:
அவருக்கு 6.1. 3.5-க்கு மேலே. என் பையனுக்கு 2.8. நான் சொன்னதைத்தான் நிரூபித்திருக்கிறீர்கள். பரம்பரை என்பதையும் மறுக்கவில்லை, ஈயத்தையும் விடவில்லை. ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்!

சொல்லாய்வன்:
அந்தப் பழமொழியில் வருவது வெள்ளீயம்.

மரங்கொத்தி:
இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பது அவ்வளவு கஷ்டமா? சரி, மறுபடி முதலிலிருந்து. 1985-ல் 25...